சூடோமோனாஸும் நித்தியகல்யாணியும்

கார்த்திகை, மார்கழிப் பனியில் மன்னார்குடிப் பக்கத்து விவசாயிகள் சம்பாப் பயிரின் இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். இரு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் வடிவப் புள்ளி தென்பட்டால் குலை நோய் வந்துவிட்டது. 1919-இல் அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவின் டெல்டா வயல்களைச் சூறையாடிய நோய் இதுதான். நோய் தாங்கும் ரகத்தில் இந்தக் கண் உருவாகாது. குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பழுப்புப் பொட்டு விழும், அதோடு நின்றுவிடும்.

அந்தப் பொட்டு எப்படி அங்கேயே நின்றது? குலை நோய்ப் பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. முத்துப்பேட்டைப் பண்ணை இறாலின் ஓட்டில் இருப்பதும் அதுவே. நெல்லின் உடம்பில் கைட்டின் கிடையாது. அதனால் கைட்டின் துணுக்கு ஒன்று வந்து ஒட்டினாலே, வந்திருப்பது வெளியாள் என்று நெல்லின் செல் கண்டுகொள்கிறது. இதற்கென்றே செல்லின் மேற்பரப்பில் சில புரதங்கள் காத்திருக்கின்றன. உடனே மொமிலாக்டோன், சக்குரானெட்டின் போன்ற பூஞ்சையைக் கொல்லும் சேர்மங்களைப் பயிரே தயாரிக்கத் தொடங்குகிறது. உண்மையில் பூஞ்சை வர வேண்டியதுகூட இல்லை. சுத்தமான கைட்டின் துணுக்கை மட்டும் கொடுத்தாலும் செல் இதே வேலையைச் செய்கிறது. இப்படிச் செடியை உசுப்பிவிடும் பொருளை விஞ்ஞானிகள் எலிசிட்டர் என்கிறார்கள். தூண்டி என்று வைத்துக்கொள்வோம்.

செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் இந்தச் சேர்மங்களில் பல நமக்கு மருந்து. சாலையோரத்தில், ஆடு வாய் வைக்காமல் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். அதன் கசப்பே அதன் கவசம். மடகாஸ்கரிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய செடி இது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். அந்த இலையைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் ஆராய்ந்தபோது சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் சரிந்தன. 1958-இல் அவர்கள் அறிவித்த வின்பிளாஸ்டினும், பின்னால் வந்த வின்கிரிஸ்டினும் இன்றுவரை புற்றுநோய் மருந்துகள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டினுக்கு முக்கிய இடம் உண்டு. (அதற்காக வீட்டில் யாரும் இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். வெள்ளை அணுக்களைச் சாய்க்கும் செடி இது.)

சிக்கல் அளவில்தான். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். செடி கஞ்சத்தனமாகத்தான் செய்கிறது. மருந்து உருவாகத் தேவையான இரண்டு மூலப்பொருள்களில் கேத்தரந்தின் இலையின் மேற்பூச்சு மெழுகிலும், விண்டோலின் இலைக்குள்ளும் தனித்தனியாக இருக்கின்றன. வேரில் அஜ்மலிசின் இருக்கிறது, அது ரத்த ஓட்டக் கோளாறுகளுக்கான மருந்து.

இந்தக் கஞ்சத்தனத்தைத் தளர்த்தத்தான் தூண்டி. பூச்சி கடித்தாலும் பூஞ்சை தாக்கினாலும் செடிக்குள் ஜாஸ்மோனேட் என்ற சேதி கிளம்பும். 1962-இல் இதன் ஒரு வடிவத்தை முதலில் பிரித்தெடுத்தது ஜாதிமல்லியின் வாசனை எண்ணெயிலிருந்துதான். நம் வீட்டுப் பெண்கள் தலையில் சூடும் அதே பூ. நித்தியகல்யாணியில் இந்தச் சேதி கிடைத்ததும் வின்பிளாஸ்டின், அஜ்மலிசின் போன்ற ஆல்கலாய்டுகளைத் தயாரிக்கும் மரபணுக்களை விழிக்கச் செய்கிற மேலாள் மரபணு ஒன்றை 2000-இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் அடையாளம் கண்டார்கள்.

டெல்டாவுக்கு இதில் நேரடி உறவு உண்டு. கொள்ளிடம் தாண்டினால் வரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையினர் நித்தியகல்யாணியைத் தண்ணீர்ப் பற்றாக்குறையில் வளர்த்து, அதற்கு சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். வறட்சியில் குன்றிய செடி பாக்டீரியா கிடைத்ததும் தேறியது, வேரில் அஜ்மலிசினும் கூடியது. சூடோமோனாஸ் என்ற பெயர் மன்னார்குடிக்குப் புதிதல்ல. விதைநெல்லை ஊறவைக்கும்போது கிலோவுக்கு 10 கிராம் கலக்கிறோமே, வேளாண் பல்கலைக்கழகம் சொன்ன அந்தப் பொடியில் இருப்பதும் இதே பாக்டீரியாதான். அது நோய்க்கிருமியோடு மல்லுக்கட்டுவதோடு நிற்பதில்லை, வேரில் குடியேறிப் பயிரின் காவலையும் தட்டி எழுப்பிவிடுகிறது. பாமணியாற்றுப் பாசனத்து விவசாயி பல வருஷமாகத் தூண்டியைக் கையாண்டுகொண்டுதான் இருக்கிறார்.

தூண்டியில் அளவும் நேரமும் தவறக் கூடாது. காவலுக்குச் சக்தியைச் செலவழிக்கிற செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். இளம் செடியில் ஜாஸ்மோனேட்டை அள்ளித் தெளித்தால் இலையே கிடைக்காது. முதலில் வளரவிட்டு, அறுவடையை ஒட்டித் தூண்டுவதே கணக்கு. தொட்டியில் செல்களை வளர்ப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். டாக்சால் என்கிற பாக்லிடாக்சல் மருந்து யூ மரத்தின் செல்களிலிருந்து இப்படித் தொழிற்சாலையில் தயாராகிறது. அந்தச் செல்களில் ஜாஸ்மோனேட் மருந்தின் அளவைப் பலமடங்கு உயர்த்துவதை ஜப்பானியர்கள் 1996-இல் காட்டினார்கள்.

நித்தியகல்யாணி அந்த வழிக்கு வர மறுத்தது. தொட்டியில் வளரும் அதன் செல்கள் அஜ்மலிசின் தருகின்றன, கேத்தரந்தின் தருகின்றன, விண்டோலினை மட்டும் ஏறக்குறையத் தருவதே இல்லை. அதற்கு வெயிலில் விரிந்த முழு இலை வேண்டும். அதனால்தான் தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்கள் இந்த மருந்துக்கு இன்னமும் முக்கியம். மன்னார்குடியின் களிமண்ணில் இதை நடச் சொல்ல மாட்டேன். தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும், நெல்லின் இடத்தை இது பிடிக்கவும் வேண்டாம். ஆனால் சூடோமோனாஸைப் பயன்படுத்தத் தெரிந்த டெல்டாவின் அனுபவம் அந்த மானாவாரிக் காட்டுக்குப் போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கூடவே கொள்முதல் முறையும் மாற வேண்டும். உலர்ந்த இலைக்கும் வேருக்கும் எடையை மட்டும் பார்த்து விலை போட்டால், எடை கொஞ்சம் குறைந்து மருந்துச் சத்து கூடிய சரக்கைக் கொண்டுவரும் விவசாயிக்கு நஷ்டம்தான் மிஞ்சும். ஆல்கலாய்டு அளவைச் சோதித்து அதற்கேற்ப விலை கொடுத்தால், தூண்டி தெளிக்கச் சொல்லி அவரிடம் யாரும் போய்ப் பேச வேண்டியிருக்காது.