மூடுதலும் முடிதலும்: எஞ்சி இயங்கும் செருகுநிரல்களைக் குறிக்கும் சொற்கள்

0. முன்னுரை

கணிப்பொறித் திரையில் 'மூடு' என்னும் பொத்தானை அழுத்தியதும் உலாவியின் சாளரம் மறைகிறது. ஆயினும், அதனுடன் இணைந்து இயங்கிய செருகுநிரல் சில வேளைகளில் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருக்கிறது. இந்நிலையைத் தமிழில் கூற முற்படும் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சொற்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. செயல்முறை பிரிதல்

வட்டில் உள்ள நிரல் இயங்கத் தொடங்கியதும் அவ்வியக்கம் 'செயல்முறை' எனப்படும். தொடக்கத்தில் செருகுநிரல்கள் உலாவியின் செயல்முறைக்குள்ளேயே இயங்கின. ஒன்று பழுதுற்றால் உலாவி முழுவதும் நின்றது. இக்குறையை நீக்க, 2008இல் வெளிவந்த குரோமும் 2010இல் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 3.6.4ஆம் பதிப்பும் அவற்றைத் தனிச் செயல்முறைகளாகப் பிரித்தன. பிரிந்தது இடையில் சிக்கி நின்றாலோ, உலாவி முடிந்ததை அறியாவிட்டாலோ, தனியே எஞ்சி நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிவுற்றது. எனினும், இன்றைய நீட்சிகளுள் சில கணிப்பொறியில் தனியே நிறுவப்பட்ட துணைநிரலை இயக்குவதால் சிக்கல் முற்றும் நீங்கவில்லை.

2. உறவுமுறை உருவகம்

யூனிக்ஸ் மரபில், ஒரு செயல்முறை தோற்றுவிக்கும் மற்றொன்று அதன் 'சைல்டு' ஆகும். தோற்றுவிப்பதைக் குறிக்கும் 'பேரண்ட்' பால் சுட்டாத சொல். தமிழில் 'தாய்', 'சேய்' என்னும் இணை இயல்பாகப் பொருந்துகிறது. தாய் முடிந்த பின்னும் இயங்கும் சேய் 'ஆர்ஃபன்' எனப்படும். அதனை மரபுப்படி 1ஆம் எண் செயல்முறை தத்தெடுத்துக்கொள்ளும். சேய் முடிந்தும், அதன் முடிவுநிலையைத் தாய் கேட்டறியாமையால் அட்டவணையில் பதிவு மட்டும் எஞ்சுமாயின் அது 'ஜாம்பி' எனப்படும்.

பொதுவழக்கில் எஞ்சிய செருகுநிரலையும் ஜாம்பி என்பர். இது பொருந்தாது. முன்னது இயங்குவது; நிறுத்தத்தக்கது. பின்னது முன்பே முடிந்தது. எனவே நிறுத்தும் கட்டளைக்கு அகப்படாது. இரண்டையும் 'பேய்' எனப் பெயர்த்தால் பயனாளர் தவறான தீர்வையே நாடுவார். முன்னதைத் 'தாயில்லாச் செயல்முறை' என்றும், பின்னதைப் 'பதிவெச்சம்' என்றும் வழங்கலாம்.

3. வினையும் துணைவினையும்

அடுப்பில் கொதிக்கும் பானையை மூடினால் கொதிப்பு அடங்குவதில்லை. தமிழில் 'மூடு' என்பது மறைத்தலையும் வாயடைத்தலையும் குறிக்குமேயன்றி உள்ளிருக்கும் செயலின் முடிவைக் குறிப்பதில்லை. பின்வரும் தொடர்களை ஒப்பிடுக:

(1) உலாவி மூடப்பட்டுவிட்டது.
(2) சாளரம் மூடப்பட்டது; செருகுநிரல் இயங்கிக்கொண்டிருக்கிறது.

(1)இல் 'விடு' என்னும் துணைவினை முற்றுமையை உணர்த்துகிறது. 'உலாவி' என்னும் எழுவாய் சாளரத்தையும் செயல்முறையையும் ஒருங்கே குறிப்பதால், யாவும் முடிந்ததாகவே பயனாளர் கொள்வார். (2)இல் எழுவாய்கள் பிரிக்கப்படுகின்றன. 'கொண்டிரு' தொடர்ச்சியைத் தெளிவாக்குகிறது.

4. முடிவுரை

சாளரத்திற்கு 'மூடு', நிரலுக்கு 'முடி', எஞ்சிய செயல்முறைக்கு 'நிறுத்து' என வினைகளை வரையறுத்து ஆளுதல் நன்று. ஆங்கில மூலத்தில் ஒரே சொல் மூன்றிடத்தும் வரினும், எது மறைகிறது, எது முடிகிறது என்பதை அறிந்த பின்னரே தமிழ் வினையைத் தெரிவு செய்ய வேண்டும். இவ்வேறுபாடு பேணப்படாவிடில், இயங்குவதை நின்றதாக நம்பச் செய்யும் பிழை மொழிபெயர்ப்பினால் விளைந்ததாகும்.