கொலஸ்ட்ராலும் குடும்பப் பரம்பரையும்

"பரம்பரையாக வந்த வியாதி, நாம் செய்யக்கூடியது என்ன இருக்கிறது?" என்று சோர்ந்துவிடும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. ஒரே விதை நிலத்துக்கும் நீருக்கும் தக்கவாறு வெவ்வேறு விளைச்சல் தருவதை உழவர் அறிவர். உடலின் விஷயமும் ஏறக்குறைய அத்தகையதே.

கொலஸ்ட்ரால் உடலுக்கு இன்றியமையாத பொருள். ஆனால் அளவு மிஞ்சினால் இரத்தக் குழாய்களின் சுவரில் படிந்து மாரடைப்புக்கு வழிகோலும். இரத்தத்தில் அது புரதத்துடன் கூடிய நுண்துகள்களாகச் செல்கிறது. அத்துகள்களைக் கல்லீரல் ஏற்றுக்கொள்ள 'அபோ-ஈ' என்னும் புரதம் துணைபுரிகிறது. அப்புரதத்தை ஆக்கும் மரபணுவில் 2, 3, 4 என மூன்று முக்கிய வகைகள் உள்ளன. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஒவ்வொருவரும் இரண்டு பிரதிகளைப் பெறுகிறோம். 4ஆம் வகை கொலஸ்ட்ராலைச் சற்று உயர்த்தும். 2ஆம் வகை பொதுவாகக் குறைக்கும்.

இங்கேதான் வியப்பு. இரண்டு பிரதிகளும் 2ஆம் வகையாக அமைந்தவரில் பெரும்பாலோர் கொலஸ்ட்ரால் தொல்லையின்றி வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவருக்கு நீரிழிவோ உடற்பருமனோ சேர்ந்துகொண்டால் நிலைமை மாறக்கூடும். கழிய வேண்டிய துகள்கள் இரத்தத்தில் தேங்கி, கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பும் ஒருங்கே உயரும். சிலருக்கு உள்ளங்கை ரேகைகளில் மஞ்சள் நிறம் படரும். நீரிழிவை அடக்கி, எடையைக் குறைத்து, உணவைத் திருத்தினால் இந்நிலை பெரிதும் சீர்ப்படுகிறது. மரபணு மாறவில்லை, அது இருக்கும் இடமே மாறியது!

இதற்கு மறுபக்கமும் உண்டு. கல்லீரல் கொலஸ்ட்ராலை ஏற்கும் வாயிலே பிறவியில் பழுதுபட்ட குடும்பங்கள் உள்ளன. இவ்வாயிலைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். இக்குடும்பத்தினருக்குச் சர்க்கரை நோய் இல்லாவிடினும், உடல் மெலிந்திருப்பினும், இளமை முதலே கொலஸ்ட்ரால் மிகும். இவர்களுக்குப் பத்தியம் மட்டும் போதாது, மருந்தும் தேவை.

ஆகவே அங்கத்தினர்கள் இரண்டை மனத்திற் கொள்வார்களாக. நீரிழிவு உள்ளவர் சர்க்கரையை மட்டும் பார்த்து நில்லாது, கொழுப்பின் அளவுகளையும் பரிசோதித்தல் வேண்டும். குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு கண்டவர் இருப்பின், நீரிழிவு இல்லாதவரும் அதனை மருத்துவரிடம் மறவாது கூறுதல் வேண்டும். பரம்பரையை அறிவது அஞ்சுவதற்கன்று, காலத்தே காத்துக்கொள்வதற்கே.