ஆயிரத்துக்கு 27 பேர்: மனச்சோர்வின் வரவு செலவு

வயது வந்தோர் 1,000 பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 27 பேருக்கு இன்றைய தேதியில் மனச்சோர்வு நோய் இருக்கும். அந்த 27 பேரில் சிகிச்சை பெறுவோர் 4 பேர்தான். மீதி 23 பேர் எந்த வைத்தியமும் இல்லாமல் நாளைத் தள்ளுகிறார்கள். பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின் விகிதங்களை ஓர் ஊரின் அளவுக்குச் சுருக்கினால் வரும் எண்கள் இவை. நோய் 2.7 சதவீதம், சிகிச்சை கிடைக்காதோர் சுமார் 85 சதவீதம்.

“நமக்குக் கட்டுப்படியாகாது”, “போனாலும் குணமாகாது” என்ற இரண்டு எண்ணங்கள் அந்த 23 பேரில் பலரை வீட்டோடு நிறுத்திவைக்கின்றன. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அதற்கு முன், சிகிச்சை தர மருத்துவர்கள் போதுமா என்று பார்ப்போம்.

மருத்துவர் கணக்கு

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் இருக்கிறார், தேவையோ 3. இப்போதைய நிலையில் ஒரு மருத்துவரின் பங்குக்குச் சுமார் 1,33,000 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் வயது வந்தோர் என்று கொண்டால், மனச்சோர்வு நோயாளிகள் மட்டும் ஏறத்தாழ 2,400 பேர். ஆளுக்கு மாதம் 15 நிமிடம் ஒதுக்கினாலே 600 மணி நேரம் வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 25 நாள் உழைத்தால் அவரிடம் இருப்பது 200 மணி நேரம். மற்ற மனநோய்களைச் சேர்க்காமலே இந்தப் பற்றாக்குறை.

பேச்சின் கணக்கு

இந்தப் பள்ளத்தை நிரப்ப வழி இருக்கிறது என்பதைக் கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு காட்டியது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினரின் அந்த ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. கடுமையான மனச்சோர்வுள்ள 495 பேர் பங்கேற்றார்கள். மனநலப் படிப்பு எதுவும் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் அவர்களில் ஒரு பாதியினரோடு 6 முதல் 8 முறை, ஒவ்வொரு முறையும் 30-40 நிமிடம் பேசினார்கள். ஒதுங்கிக் கிடந்தவர்கள் மீண்டும் சிறு சிறு வேலைகளில் இறங்கத் துணை நின்றார்கள். 3 மாத முடிவில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினருக்கு நோய் தணிந்திருந்தது. ஆலோசனையும் பெற்றவர்களில் 64 சதவீதத்தினருக்கு. அதிகபட்சமாகப் பார்த்தாலும் ஒருவருக்குச் செலவான பேச்சு நேரம் 5 மணி 20 நிமிடம். குணமாகாது என்ற எண்ணத்துக்கு இதுவே பதில்.

பணக் கணக்கு

மனநலச் சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்கும் குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிடுவதாக அதே தேசியக் கணக்கெடுப்பு கூறுகிறது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ஆனால் கூலி வேலை செய்பவருக்கு வேறொரு செலவு இருக்கிறது. 2025-26இல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். நோயாளியும் துணைக்கு வருபவரும் ஒரு நாள் வேலையை விட்டால் 672 ரூபாய் போய்விடும். இலவச மருந்துக்கும் இந்த விலை உண்டு. ஆகவே சிகிச்சை ஊருக்குப் பக்கத்தில் கிடைப்பதே பெரிய சேமிப்பு. காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம்: உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

காலக் கணக்கு

மாத்திரை எடுத்த மறுநாளே மனம் தெளியாது. பலன் தெரிய 2 முதல் 4 வாரம், நன்றாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம். “ஒரு மாற்றமும் இல்லையே” என்று இரண்டாம் வாரத்திலேயே நிறுத்திவிடுவோர் பலர். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதையும் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். ஆக, 8 மாதம் என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. மாதம் 1,500 ரூபாய் வீதம் 12,000 ரூபாய். கூலி வீட்டுக்கு இது சின்னத் தொகை அல்ல. ஆனால் வேலைக்குப் போக முடியாமல் முடங்கினால், 36 நாள் கூலியிலேயே அதைவிட அதிகமாகப் போய்விடும்.

முதல் படியின் செலவு

மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு வினாத்தாளில் 9 கேள்விகள் உண்டு. கடந்த 2 வாரத்தில் தூக்கம், பசி, அசதி, எதிலும் நாட்டமின்மை எப்படி இருந்தன என்று அது கேட்கும். மொத்தம் 27 மதிப்பெண். 10ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் மதிப்பெண் பார்க்கவே கூடாது, அன்றே உதவி கேட்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையின் எண் 14416. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது 2 வாரமாகச் சாப்பாட்டை ஒதுக்கி, யாரிடமும் பேசாமல் இருந்தால், “சோம்பேறித்தனம்” என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அவரால் பேச முடியாவிட்டால் அந்த எண்ணை நீங்களே அழையுங்கள். ஊருக்கு 4 என்று இருக்கும் எண்ணிக்கை அப்படித்தான் 5 ஆகும், 10 ஆகும்.