தக்காளி பழுத்ததும் ஏன் குழைகிறது?

தக்காளிக்காயை நறுக்கினால் துண்டுகள் விறைப்பாக நிற்கும். நன்றாகப் பழுத்ததோ விரல் பட்டாலே அமுங்கும். தோல் தனியே வழன்று வரும். இடையில் நடந்தது என்ன?

தாவர செல் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சுவர் உண்டு. அதற்கு வலு தருவது செல்லுலோஸ் இழைகள். அடுத்தடுத்த செல்களைச் சாந்துபோல் ஒட்டவைப்பது பெக்டின். காய் முற்றியதும் சுரக்கும் எத்திலீன் வாயு, பெக்டினைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. ஒரு நொதி பெக்டினிலுள்ள மெத்தில் தொகுதிகளைக் கழற்றும். பிறகு பாலிகேலக்டியூரோனேஸ் வந்து அந்த நீண்ட சங்கிலியைத் துண்டாடும். பிடி தளர்ந்து செல்கள் விலகுகின்றன. ஜாம் செய்பவர்கள் சற்றுப் பழுக்காத பழத்தையும் சேர்ப்பது இதனால்தான். பெக்டின் சங்கிலி நீளமாக இருந்தால்தான் ஜாம் இறுகும்.

பாலிகேலக்டியூரோனேஸை அடக்கிவிட்டால் பழம் குழையாமல் இருக்குமா? கலிபோர்னியாவின் கால்ஜீன் நிறுவனம் அதைத்தான் செய்தது. அதன் ‘ஃபிளேவர் சேவர்’ தக்காளி 1994-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. நொதி வெகுவாகக் குறைந்தும் பழம் மென்மையாவது நிற்கவில்லை. சில ஆண்டுகளில் விற்பனையும் நின்றது. என்னைக் கேட்டால், இந்தத் தோல்வி கற்றுத்தந்தது அதிகம்: செல்சுவரை இளக்குவது ஒற்றை நொதியின் வேலையல்ல. 2016-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் பெக்டேட் லையேஸ் என்ற வேறொரு நொதியை அடக்கினார்கள். அந்தத் தக்காளி வழக்கம்போல் சிவந்து பழுத்தது, உறுதியும் அவ்வளவாகக் குலையவில்லை.