தாடை உடைந்தால் கட்டுப் போடலாமா?

ஆர்.கே.பேட்டைப் பக்கம் யாருக்காவது கை கால் முறிந்தால், "புத்தூருக்குக் கொண்டு போங்கள்!" என்று பெரியவர்கள் சொல்லுவது வழக்கம். ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கும் அந்த ஊர்க் கட்டு அவ்வளவு பிரசித்தம். ஆனால் சோளிங்கர் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தாடை உடைந்தால்? பேசினாலும் விழுங்கினாலும் அசைகிற எலும்புக்கு எந்தக் கட்டு நிற்கும், சொல்லுங்கள்!

தாடைக்குப் பல்வரிசைதான் அளவுகோல். வாயை மூடினால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி பொருந்தவில்லையா? கீழுதடு மரத்துவிட்டதா? நாக்குக்கு அடியில் ரத்தம் கன்றியிருக்கிறதா? எலும்பு முறிந்திருக்கலாம், உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பல்லோடு பல்லைத் தங்கக் கம்பியால் கட்டச் சொன்னவர் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டஸ். 1865-ல் அமெரிக்க மந்திரி சீவார்டு கோச்சு வண்டி விபத்தில் தாடையை உடைத்துக்கொண்டபோது, கன்னிங் என்ற பல் வைத்தியர் ரப்பரில் அச்சுச் செய்து வாய்க்குள் பொருத்தினார்.

இன்றும் எளிய முறிவென்றால், இரு பல்வரிசைகளையும் கம்பியால் பிணைத்து நாலு முதல் ஆறு வாரம் வாயை மூடி வைப்பதுண்டு. எலும்பு விலகியிருந்தால் ஆபரேஷன்தான். 1970-களில் பிரெஞ்சு டாக்டர்கள் மிஷலேயும் சாம்பியும் பரப்பிய முறைப்படி, சின்னஞ்சிறு தகடுகளைத் திருகாணியால் எலும்பில் பொருத்துகிறார்கள். இப்போது அவை டைட்டானியம் தகடுகள்.

"ஐயோ, பெண் குழந்தை முகத்தில் தழும்பு விழுமே!" என்று கலங்க வேண்டாம். பல முறிவுகளுக்கு உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே, வாய்க்குள்ளேயே கீறுகிறார்கள், வெளியே தெரியாது. எலும்பு நொறுங்கியிருந்தால் கழுத்துப் பக்கம், தாடை விளிம்புக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் கீழே கீறுவார்கள். விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பு அறுபட்டால் கீழுதடு ஒருபுறம் கோணிவிடும் அல்லவா? அதனால்தான் இந்த ஜாக்கிரதை. தாடைப் பூட்டருகே முறிந்தால், காதின் முன்னுள்ள தோல் மடிப்பில் கீறுவதும் உண்டு. தழும்பு அங்கேயே மறைந்துவிடும்.

கம்பி கட்டிய வாய்க்கு வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால், மோர் கொடுங்கள். உப்பு நீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். கம்பி வெட்டும் கத்தரி எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாந்தி வந்து மூச்சு முட்டினால் எந்தக் கம்பியை வெட்டுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

விபத்து நேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குச் செலவை அரசே ஏற்கிறது.

கடைசியாக ஒன்று: உச்சந்தலையை மட்டும் மூடும் ஹெல்மெட் தாடையைக் காக்காது. வீட்டுக்காரருக்கு வாங்கும்போது முகவாயையும் மூடுவதாகப் பார்த்து வாங்குங்கள், சகோதரிகளே!