லோடு பிக்கப்புக்கு டயர் மாற்றப் போகிறீர்களா? அளவு மட்டும் பார்த்தால் போதாது!

'பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். தோட்டத்து மண் பாதையிலும் போக வேண்டும். மார்க்கெட்டுக்குத் தார் ரோட்டிலும் போக வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக எந்த டயர் போடலாம்?' வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. பட்டனைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சின்ன எண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்கவில்லை. அதற்கு ஒரு லோடு தக்காளியைக் கொடுத்துத்தான் பாடம் படித்தேன்.

பழைய பிக்கப் ஒன்றை வாங்கிய புதிது. பின் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன. கடையில் விசாரித்தபோது, ஒரே அளவில் இரண்டு விலை சொன்னார்கள். "அளவு ஒண்ணுதாண்ணே, தைரியமா போடுங்க" என்றார் கடைக்காரர். குறைந்த விலை டயரையே போட்டுக்கொண்டேன். நான்கு மாதம் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஒரு சித்திரை மாதம், 80 பெட்டி தக்காளி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். பெட்டிக்கு 14 கிலோ. காலிப் பெட்டிகளின் எடையையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 1,300 கிலோ. வண்டி தாங்கக்கூடிய எடைதான். ஆனால், பாதி வழியில் பின்பக்க டயர் வெடித்தது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி, புளியமரத்துக்குப் பக்கத்தில் நின்றது. வேறு வண்டி பிடித்து, லோடு மாற்றி, மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்துவிட்டது. நசுங்கினது போக மிச்சத்தைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தேன். "டயர்ல மிச்சம் புடிச்ச காசெல்லாம் தக்காளியில போச்சு. ஆளு முழுசா வந்தீங்களே, அது போதும்" என்றார் என் மனைவி.

கிழிந்த டயரைப் பார்த்த பஞ்சர் கடைப் பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, இது கார் டயராச்சே. இதைப் போய் யாருப்பா லோடு வண்டிக்குப் போட்டது?"

அந்தச் சின்ன எண் என்ன சொல்கிறது?

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்பது போல எழுதியிருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவிகிதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அதற்குப் பக்கத்திலேயே 100 அல்லது 106/104 என்பது போல இன்னொரு எண்ணும், ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எழுத்து, வேக வரம்பைச் சொல்வது. எண், ஒரு டயர் எத்தனை கிலோ தாங்கும் என்பதைச் சொல்லும் சுமைக் குறியீடு. 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900 கிலோ. 106 என்றால் 950 கிலோ. 109 என்றால் 1,030 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ. இரண்டு எண் கொடுத்திருந்தால், முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு. இரண்டாவது எண், பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் உள்ள வண்டிக்கு.

ஒரே 215/75 ஆர் 15 அளவில் 100 போட்ட டயரும் உண்டு. 106 போட்ட டயரும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால், பின் டயர் இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 1,600 கிலோவுக்கும் 1,900 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். இடையில் இருப்பது 300 கிலோ. இருபது பெட்டிக்கும் மேலான தக்காளி!

உங்கள் வண்டிக்குக் கணக்குப் போடுங்கள்

பிக்கப்பில் ஏற்றும் சரக்கில் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் உட்காரும். வண்டியோடு வந்த புத்தகத்தில் முன் அச்சு, பின் அச்சு ஒவ்வொன்றும் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்று கொடுத்திருப்பார்கள். பின் அச்சுக்கு 1,850 கிலோ என்று இருந்தால், அதை இரண்டால் வகுத்தால் டயருக்கு 925 கிலோ. 800 கிலோ தாங்கும் டயர் இங்கே போதாது. 950 கிலோ தாங்கும் 106 போதும். என் வண்டியில் நடந்த தவறு இதுதான்.

கணக்கே வேண்டாம் என்றால், சுலப வழி ஒன்று உண்டு. ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ, வண்டிப் புத்தகத்திலோ கம்பெனி சொல்லியிருக்கும் டயர் அளவையும் சுமைக் குறியீட்டையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அந்த எண்ணுக்கு மேலே போகலாம். கீழே இறங்கவே கூடாது. லைட் டிரக் என்பதன் சுருக்கமான எல்.டி. என்ற எழுத்தும், 8 பி.ஆர். போன்ற பிளை ரேட்டிங்கும் லோடு வண்டி டயர்களில் இருக்கும். அதையும் பாருங்கள்.

'டயர் தாங்கும்' என்பதற்காக வண்டிக்கு அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய்.

ரிப், லக், செமி லக்: எது யாருக்கு?

இப்போது பட்டனுக்கு வருவோம். ஒரு வாரம் வண்டி ஓடும் தூரத்தை நோட்டில் எழுதிப் பாருங்கள். தோட்டத்துப் பாதை எத்தனை கிலோமீட்டர்? தார் ரோடு எத்தனை? எழுதிப் பார்த்தால் பலருக்கு ஆச்சர்யமாக இருக்கும். மண் பாதை மனதில் பெரிதாக நிற்கும்; நோட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ரிப் டயரில் நீளவாக்கில் கோடுகள் ஓடும். தார் ரோட்டில் சுலபமாக உருளும், சத்தம் குறைவு, சீராகத் தேயும். ஈரமான கரிசல் மண்ணில் கோடுகள் அடைத்துக்கொண்டு வழுக்கும்.

லக் டயரில் குறுக்குவாக்கில் ஆழமான கட்டைகள் இருக்கும். சேற்றிலும் குவாரிப் பாதையிலும் நன்றாகப் பிடிக்கும். தார் ரோட்டில் இரையும், சீக்கிரம் தேயும், டீசலும் கூடுதலாகக் கேட்கும். மழையில் நனைந்த தார் ரோட்டில் இதன் பிடிப்பை நம்பி வேகம் எடுக்கக் கூடாது.

செமி லக் டயரில் நடுவில் ரிப், ஓரங்களில் கட்டை. மண், தார் இரண்டிலும் ஓடும் வண்டிக்குப் பொதுவான டயர் என்றால் இதுதான். கார் கடைகளில் ஆல் டெரெய்ன் என்று சொல்வதும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்வதுதான். ஆனால், அதை வாங்கும்போது சுமைக் குறியீட்டைக் கட்டாயம் பாருங்கள். கார் வகை நிறைய இருக்கும்.

பெரும்பாலான பிக்கப்புகளில் பின் சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது. அதனால் முன்னால் ரிப், பின்னால் செமி லக் என்று போடுவது பலர் கடைப்பிடிக்கும் முறை. தோட்டம் ரோட்டோரமாக இருந்தால் நான்குமே ரிப் போதும். பாச்சலூர், தாண்டிக்குடி போன்ற மலைப்பாதையில் லோடு இறக்குபவர்கள், பட்டன் பாதி தேய்ந்ததுமே மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ஃபோர் வீல் வண்டி என்றால் நான்கும் ஒரே அளவாக, ஒரே அளவு தேய்மானத்தோடு இருக்க வேண்டும்.

பட்டன் இருந்தாலும் வயது போகும்

விவசாயிகளின் வண்டி அறுவடைக் காலத்தில் ஓடும். மற்ற நாள் வெயிலில் நிற்கும். அதனால் பட்டன் தேயும் முன்பே ரப்பர் முதிர்ந்துவிடும். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால், அதுதான் அடையாளம்.

டயரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2225 என்றால் 2025-ம் ஆண்டின் 22-வது வாரம் தயாரானது. புது டயர் வாங்கும்போது இதைப் பார்த்து, பழைய இருப்பைத் தவிர்த்துவிடுங்கள். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சோதியுங்கள். பத்து ஆண்டு தாண்டியதை, பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

தேய்மானத்துக்கும் அடையாளம் டயரிலேயே இருக்கிறது. கோடுகளுக்கு அடியில் 1.6 மி.மீ. உயரத்தில் சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது.

காற்றுதான் பாதி டயர்

காற்று குறைந்த டயர், ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிரும். அதில் சூடேறும். லோடும் வெயிலும் வேகமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் அடுக்குகள் பிரிந்து வெடிக்கும். என் வண்டியில் கார் டயரோடு, காருக்கு வைக்கும் 32 பவுண்டு காற்றும் சேர்ந்திருந்தது.

லோடு ஏற்றும்போது பின் டயருக்கு எத்தனை பவுண்டு என்பது கதவு ஸ்டிக்கரில் இருக்கும். காலையில், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் காற்று கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் குறைத்துவிடாதீர்கள். பட்டன் நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

சுமைக் குறியீடு, தயாரித்த வாரம், ஐ.எஸ்.ஐ. முத்திரை. இந்த மூன்றையும் டயரை மாட்டும் முன்பே பாருங்கள். பில்லில் டயரின் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள். உத்தரவாதம் கேட்கப் போகும்போது அதுதான் பேசும். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள் அதிகம். டியூப் டயர் நல்லதா, டியூப்லெஸ் நல்லதா?

டியூப்லெஸ்தான் நல்லது. டியூபில் முள் குத்தினால் சட்டென்று காற்று இறங்கிவிடும். டியூப்லெஸ்ஸில் முள் செருகியபடியே இருக்க, மெல்ல மெல்லத்தான் இறங்கும். வழியில் முள்ளைப் பிடுங்காமல் பஞ்சர் கடை வரை ஓட்டுங்கள். பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தால் ஒட்டிச் சமாளிக்க வேண்டாம், டயரை மாற்றுங்கள். கல் பாதையில் டிஸ்க் ஓரம் நெளிந்தாலும் காற்று கசியும்.

கேள்வி: இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது. புதிதை முன்னால் போடலாமா, பின்னால் போடலாமா?

முன்னால் போடுவதுதான் பலரின் வழக்கம். டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது, பின்னால். ஈர ரோட்டில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். லோடும் அங்கேதான் இருக்கிறது. அதற்காக முன்னால் வெடிப்பு விட்ட டயரை வைத்துக்கொள்ளக் கூடாது. அப்படிப்பட்ட நிலை என்றால், நான்குக்கும் பணம் சேரும் வரை லோடைக் குறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கேள்வி: ரீட்ரெட் செய்த டயர் போடலாமா?

முன் சக்கரத்துக்கு வேண்டவே வேண்டாம். பின்னால் போடுவதாக இருந்தாலும், பக்கச் சுவரில் வெடிப்போ வெட்டோ இல்லாத, வயது குறைந்த டயரில் செய்தால்தான் நிற்கும். அதற்கு ஆகும் செலவைப் புது டயர் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.