லித்தியமும் ராத்திரித் தூக்கமும்

பையன் இப்போது நல்லா இருக்கிறானே, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள் அக்கா. வேண்டாம். அவன் நல்லா இருப்பதே மாத்திரை போடுவதால்தான். டீயைக் குடியுங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

இருமுனை மனநோய் வந்தவருக்குச் சில வாரம் மனசு தலைகால் தெரியாமல் ஓடும். பிறகு எழுந்து பல் தேய்க்கவும் தெம்பில்லாமல் மாதக்கணக்கில் படுத்துவிடும். நடுவில் பழைய ஆளாகவே இருப்பார். பலரும் மாத்திரையைக் கைவிடுவது அந்த நல்ல நாட்களில்தான். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்த நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சையிலேயே இல்லை. திமிர் என்றும் சோம்பேறி என்றும் காத்து கருப்பு என்றும் பேர் வாங்கிக்கொண்டு எத்தனை பேர் இருக்கிறார்களோ.

அவனுக்குக் கொடுத்திருக்கும் லித்தியம் ஒருவகை உப்பு. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்த நோய்க்கு அது உதவுவதை எழுதினார். இன்றும் முன்வரிசையில் நிற்கிற மருந்து. ஆனால் ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பலனில்லை, 1.5ஐத் தாண்டினால் விஷம்.

வடக்கனந்தல் வெயிலில் கவனம் வேண்டியது இங்கேதான். கரும்பு வெட்டும்போது வியர்வையில் உப்பும் தண்ணீரும் போகும். உடனே கிட்னி இருக்கிற உப்பை இழுத்துப் பிடிக்கும், அதோடு லித்தியமும் உடம்பில் தங்கிவிடும். வாந்தி பேதியிலும் அப்படியே. தண்ணீர் கேனோடு காட்டுக்கு அனுப்புங்கள். யாரோ சொன்னார்கள் என்று உப்பைத் திடீரெனக் குறைக்காதீர்கள். இடுப்புவலிக்கு மெடிக்கலில் கேட்டதும் தருகிற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். பாராசிட்டமால் போதும். கை லேசாக நடுங்கினால் அடுத்த முறை டாக்டரிடம் சொல்லலாம். உதறல் பலமாகி, வாய் குழறி, நடை தள்ளாடினால் அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்குப் போகிற காலையில் மாத்திரை போடக்கூடாது. முந்தின ராத்திரி போட்டதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். கிட்னியையும் தைராய்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள்.

மாத்திரைக்கு அடுத்தது தூக்கம். ஒரு ராத்திரி முழுக்க விழித்தாலே சிலருக்கு மனசு எகிறத் தொடங்கிவிடும். நம் பக்கமோ ராத்திரி விழிக்கிற ஊர். திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடியவிடியக் கூத்து. த்ரீ பேஸ் கரண்ட் நடுராத்திரி வந்தால் மோட்டார் போட ஓட வேண்டும். கூத்துக்குப் போகட்டும், ஆனால் பத்து மணிக்குக் கூட்டி வந்துவிடுங்கள். ராத்திரித் தண்ணீர் பாய்ச்சுவதை அவன் அண்ணன் பார்க்கட்டும். மூன்று மணி நேரமே தூங்கியும் அசதி இல்லாமல் எழுந்தால், பேச்சு வேகம் எடுத்தால், தவணையில் வண்டி எடுக்கிறேன் என்று கிளம்பினால், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ஏடிஎம் கார்டையும் நிலப் பத்திரத்தையும் யார் வைத்துக்கொள்வது என்று அவனோடு பேசி இப்போதே முடிவு செய்யுங்கள். அவனிடம் கேட்காமல் பிடுங்கினால் அது அவமானம்.

சோர்வில் படுத்துவிட்டால் திட்டாதீர்கள். புது டாக்டரிடம் போனால், முன்பு எகிறிய கதையை முதலில் சொல்லுங்கள். சோர்வுக்கான மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் மறுபடி எகிறக்கூடும். பூச்சிமருந்து டப்பாவைப் பூட்டிவைத்துச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையும் உங்களிடமே இருக்கட்டும். சாகிற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றீர்கள். தாராளமாகப் போங்கள், மாத்திரையோடு போங்கள். கட்டிப்போடுகிற இடத்தில் மட்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த இடத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட வழியில்லாமல் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. மறுபடி முடியாமல் போனால் தனக்கு எப்படி வைத்தியம் பார்க்க வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று அவனே முன்கூட்டி எழுதிவைக்கவும் அந்தச் சட்டம் உரிமை தருகிறது. ரெண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். அடுத்த முறை சிறுவங்கூர் போகும்போது அதற்கான படிவத்தைக் கேளுங்கள்.